கடைசியில் ஏறி முதலில் இறங்கியவள்: ஒரு பெண்கள் பெட்டியின் நிகழ்வு ஆய்வு

நிகழ்வு ஆய்வு எழுதுவது என் பிழைப்பு. எழும்பூரில் ஒரு குடும்ப ஆலோசனை மையத்தில் வேலை. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், நாங்கள் என்ன செய்தோம் என்று கோப்பில் எழுதி வைக்க வேண்டும். இருபது வருடமாக எழுதுகிறேன், ஆனால் நானே ஒரு தரப்பாக இருந்த கோப்பு இதுதான் முதல். அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கக்கா. ஆனா என்னை ரொம்ப நல்லவளா எழுதிடாதீங்க" என்றாள். முயற்சி செய்கிறேன்.

பெட்டி

எட்டே முக்கால் வாக்கில் தாம்பரத்தில் கிளம்பும் பீச் லோக்கல். அதில் பெண்கள் பெட்டி, இரண்டாவது கதவுக்கு உள்பக்கம். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, ஏறும் ஸ்டேஷன்தான் பெயர். தாம்பரம் அக்கா வங்கியில் இருந்தார், ஓய்வுக்கு மூன்று வருடம் பாக்கி. சானடோரியம் ஒரு நர்ஸ். நான் குரோம்பேட்டை. பல்லாவரம் நுங்கம்பாக்கத்தில் இறங்கி பள்ளிக்கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்துக்கு நடப்பவர், எங்களில் குரல் அதிகம் அவருக்குத்தான். மீனம்பாக்கத்தில் ஓரகத்திகள் இருவர் சேர்ந்தே ஏறுவார்கள், சேர்ந்தே சண்டை போடுவார்கள். கடைசியாக ஏறுவது பழவந்தாங்கல். வயது இருபத்துநாலு, தி.நகர் நகைக்கடை ஒன்றில் பில்லிங்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். பழவந்தாங்கலுக்குப் பிறகு பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை, அடுத்தது மாம்பலம். அங்கே அவள் இறங்கிவிடுவாள். எங்களோடு அவள் இருப்பது கால் மணி நேரம்கூடத் தேறாது. அவள் இறங்கின பிறகு தாம்பரம் அக்காவுக்குக் கடற்கரை வரை அரை மணி நேரம் மிச்சம் இருக்கும். கடைசியில் ஏறி முதலில் இறங்குகிறவளைப் பற்றிப் பேச ரயில்வே அட்டவணையே நேரம் ஒதுக்கித் தந்திருந்தது. சாக்கு சொல்லவில்லை. எங்கள் மைய அலுவலகத்திலும் இதையே பார்த்திருக்கிறேன்: கூட்டத்தை விட்டு யார் முதலில் எழுந்து போகிறார்களோ அவர்கள் தலைதான் உருளும்.

பேச்சுக்குப் பஞ்சமில்லாத பெட்டி அது. 2017இல் முதல் பிக்பாஸ் வந்தபோது ஓவியாவுக்காக அழுதவர்கள் இதில் உண்டு. ஓவியாவைப் பற்றி இன்னொருவர் சொன்னதைச் சரிபார்க்கக் கமல்ஹாசன் பதிவான காட்சியையே போட்டுக் காட்டினாரே, அன்றிலிருந்து எங்களுக்குள் யாராவது கதை விட்டால் "குறும்படம் போடவா?" என்பதுதான் பதில். 2018இல் நடிகர் ஆர்யா பதினாறு பெண்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார் என்று கலர்ஸ் தமிழில் ஒரு நிகழ்ச்சி வந்தது. ஏப்ரலில் இறுதி நாளன்று யாரையுமே தேர்ந்தெடுக்கவில்லை. மறுநாள் பெட்டியே கொதித்தது. அந்தப் பெண்களுக்காகக் கொதித்தோம் என்றுதான் அன்று நினைத்தேன். இப்போது யோசித்தால், பந்தியில் உட்கார வைத்து இலையை எடுத்துவிட்டார்களே என்ற கோபம்தான் அது.

2019

பிக்பாஸ் மூன்றாவது சீசன் ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. சென்னைக்கு அது தண்ணீர் இல்லாத கோடை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. பிக்பாஸ் வீடு இருக்கும் ஸ்டுடியோவே செம்பரம்பாக்கம் பக்கம்தான். ராத்திரி லாரிக்குக் குடம் வரிசை வைத்துவிட்டு, நடுவில் ஓடி வந்து டிவி பார்த்துவிட்டு, விடியற்காலை மறுபடி குடத்துக்குப் போன பெண்கள் நாங்கள். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அதைப் பற்றி எங்கள் பெட்டியில் பேசியது ஒரு ஸ்டேஷன் தூரம். பிக்பாஸ் போட்டியாளர் கவினைப் பற்றிப் பேசியது தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை. எதிர்த்திசை வண்டிகள் அத்திவரதரைப் பார்க்கக் காஞ்சிபுரம் போகும் கூட்டத்தோடு பிதுங்கிப் போகும், நாங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம்.

நிகழ்ச்சியைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. கவின், சாக்‌ஷி, லாஸ்லியா என்று முதலில் முக்கோணமாகப் பேச்சு அடிபட்டது. ஆகஸ்ட்டில் சாக்‌ஷி வெளியேறினார். அதன்பின் கவின், லாஸ்லியா இருவரைச் சுற்றித்தான் ஊர்ப்பேச்சு. லாஸ்லியா இலங்கையில் செய்தி வாசிப்பாளராக இருந்தவர். பெட்டி இரண்டாகப் பிரிந்தது. "அவன் வெளையாட்டுப் புத்திக்காரன், நாலு பொண்ணுங்களைச் சுத்த விட்டவன்" என்று பல்லாவரம். "நீ போய்ப் பாத்தியா? எடிட் பண்ணிக் காட்டறான் டிவிக்காரன்" என்று சானடோரியம். பழவந்தாங்கல் இந்தச் சண்டையில் கலந்துகொண்டதில்லை. சிரிப்பாள். ஸ்டேஷன் வாசலில் வாங்கின வேர்க்கடலையை உரித்து எல்லோருக்கும் கொடுப்பாள்.

நடந்தது

ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை. பழவந்தாங்கல் வழக்கம்போல் ஏறினாள், ஆனால் மாம்பலம் வரை வரவில்லை. சைதாப்பேட்டையில் இறங்கினாள். ஜன்னலோரம் இருந்த தாம்பரம் அக்கா பார்த்தார்: பிளாட்பாரத்தில் முதுகில் பை மாட்டிய ஒரு பையன், நீலச் சட்டை. இருவரும் சேர்ந்து படியேறினார்கள். இவ்வளவுதான் பார்த்தது. ஆனால் செவ்வாய் அவளுக்கு வார விடுமுறை என்பது எங்களுக்குத் தெரியும். லீவு நாளில் வேலைக்குப் போகிற நேரத்துக்குக் கிளம்பி, வேறு ஸ்டேஷனில் இறங்குகிறாள்.

அடுத்த செவ்வாயும் அப்படியே. அதற்கடுத்த செவ்வாயும்.

இரண்டாவது செவ்வாய் மத்தியானம் பல்லாவரம் ஒரு வாட்ஸாப் குரூப் தொடங்கினார். ஏற்கெனவே 'பீச் லோக்கல்' என்று ஒன்று உண்டு, வண்டி லேட் என்றால் சொல்லிக்கொள்வதற்கு. புதியதன் பெயர் 'பீச் லோக்கல் 2'. அதில் எல்லோரும் இருந்தோம், அவளைத் தவிர. முதல் செய்தி: "பழவந்தாங்கல் மறுபடியும் சைதாப்பேட்டை!" கீழே கண்ணடிக்கும் பொம்மைகள். அந்த வரிசையில் ஏழாவதோ எட்டாவதோ செய்தி என்னுடையது. நான் எழுதினது: "நம்ம பெட்டி லாஸ்லியா."

அதற்குக் கிடைத்த சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்தால் இந்த ஆய்வை எழுதுவதற்கே அர்த்தமில்லை.

அன்று முதல் அவள் லாஸ்லியா. அவள் முன்னாலேயே பேசலாம், அவளுக்குப் புரியாது என்று நினைத்தோம். "லாஸ்லியா நேத்து ரொம்பச் சந்தோஷமா இருந்தாளே" என்று ஓரகத்திகளில் ஒருவர் சொல்வார். டிவியைச் சொல்கிறாரா, எதிரே நிற்பவளைச் சொல்கிறாரா என்பது எங்களுக்கு மட்டும் தெரியும். பழைய அகப்பாட்டு மரபில் இதற்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். அம்பல் என்பது மொட்டு, சிலருக்கு மட்டும் தெரிந்து உதட்டுக்குள் நிற்கும் பேச்சு. அலர் என்பது மலர்ந்தது, ஊருக்கே தெரிந்தது. எங்களிடம் இருந்தது அம்பல். டிவி ஜோடியின் பெயர் இல்லாதிருந்தால் அது அந்த அளவிலேயே வாடியிருக்கும் என்பது என் கணிப்பு. ஒரு பெண்ணை அவள் முகத்துக்கு நேரே பேச எங்கள் யாருக்கும் தைரியம் கிடையாது. லாஸ்லியா என்ற பெயர் அந்தத் தைரியத்தைக் கொடுத்தது.

செப்டம்பர் இரண்டாவது வாரம் 'ஃப்ரீஸ்' வாரம். போட்டியாளர்கள் அசையாமல் நிற்க வேண்டும், குடும்பத்தார் உள்ளே வருவார்கள். வருடக்கணக்காக நேரில் பார்க்காத அப்பா வெளிநாட்டிலிருந்து வந்து நின்றதும் லாஸ்லியா உடைந்து அழுதார். அப்பாவும் அழுதார், பிறகு கோபப்பட்டார். பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

மறுநாள் காலை பெட்டியில் யாருக்கும் உட்காரத் தோன்றவில்லை. "பெத்தவன் மூஞ்சியப் பாத்தியாடி? செத்துட்டான் அந்த மனுஷன்" என்றார் பல்லாவரம். "பொண்ணு மூஞ்சிய யாருமே பாக்கலையா?" என்றார் சானடோரியம். தாம்பரம் அக்கா, "எங்கப்பாவா இருந்தா அடிச்சே இருப்பாரு, இவரு பேசினதோட விட்டாரே" என்றார். மீனம்பாக்கத்தார் இருவரும் அபூர்வமாக ஒரே கட்சி, அப்பா கட்சி. பழவந்தாங்கல் ஏறினாள். கையில் கடலைப் பொட்டலம். கிண்டி தாண்டும்போது பல்லாவரம் அவளைப் பார்த்துத் திரும்பி, "நீ சொல்லும்மா, சின்னப் பொண்ணு நீ. அந்த அப்பா செஞ்சது சரியா தப்பா?" என்று கேட்டார். எல்லோருக்கும் தெரியும் அது என்ன கேள்வி என்று.

அவள் உரித்த கடலையை என் கையில் போட்டாள். வெறும் பொட்டலத்தை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், அதற்குமேல் மடிக்க முடியாமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "தப்பு சரி எனக்குத் தெரியலக்கா. தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். இத்தனை பேர் பாக்கறப்ப கேட்டா அது என்ன பதில் சொல்லும்?" என்றாள். சைதாப்பேட்டை வந்தது. அன்று வியாழக்கிழமை, அவள் இறங்கவில்லை. நாங்கள் அத்தனை பேரும் கதவைப் பார்த்தோம், அவள் எங்களைப் பார்த்தாள்.

அன்று மத்தியானம் பல்லாவரம், டிவி அப்பா விரல் நீட்டித் திட்டும் படத்தைப் போட்டு, "பழவந்தாங்கல்ல இது எப்போ?" என்று எழுதி அனுப்பினார். அனுப்பியது பழைய குரூப்பில். இரண்டு நிமிடத்தில் அழித்துவிட்டார். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும் நின்றது. அவள் குரூப்பை விட்டு வெளியேறவில்லை. எங்கள் பெட்டிக்கு அதற்கப்புறம் வரவில்லை.

பேச்சு போன பாதை

இதைப் பிற்பாடு ஒவ்வொருவராகக் கேட்டுத் தொகுத்தேன். கேட்டபோது யாரும் பொய் சொன்னதாகத் தோன்றவில்லை, அதுதான் விசேஷம்.

தாம்பரம் அக்கா பார்த்தது: சைதாப்பேட்டையில் இறங்கினாள், ஒரு பையன் நின்றிருந்தான். பல்லாவரத்தின் நாத்தனார் நங்கநல்லூரில் குடியிருக்கிறார், அவருக்குப் போன வாய்ஸ் நோட்டில்: "எங்க வண்டில ஒரு பொண்ணு, உங்க ஏரியாதான். லீவு நாள்ல ஒரு பையன்கூடச் சுத்துது. அவன் ஏற்கெனவே ரெண்டு மூணு பேரைச் சுத்த விட்டவனாம்." கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்தது? எங்கள் யாருக்கும் அந்தப் பையனின் பெயர்கூடத் தெரியாது. பல்லாவரத்திடமே கேட்டேன். வெகு நேரம் யோசித்துவிட்டு, "யாரோ சொன்னாங்களே... நீங்க சொல்லல?" என்றார். யாரும் சொல்லவில்லை. அது கவினைப் பற்றி அவரே ஆகஸ்ட் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம். ஆள் தெரியாத இடத்தில் டிவியிலிருந்து ஆளை எடுத்து உட்கார வைத்தாயிற்று. நீலச் சட்டைப் பையனுக்கு ஒரே வாரத்தில் ஒரு பழைய சரித்திரமே கிடைத்துவிட்டது.

நாத்தனார் காலையில் வாசல் தெளிக்கும்போது எதிர்வீட்டில் சொன்னார். அங்கே 'வேற ஆளுங்களாம்' சேர்ந்தது. சாதிக்கு நம் ஊரில் அதுதான் நாசூக்கான சொல். எதிர்வீட்டுக்காரர் பெண்ணின் சித்தியிடம் சொன்னபோது 'ரிஜிஸ்டர் ஆயிடுச்சாம்' வரை வந்திருந்தது. செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை அப்பா காதுக்குப் போயிற்று. மூன்று செவ்வாய்க்கிழமை பார்த்தது, ஐந்து வாய் தாண்டி, ஒரு கல்யாணமாக முடிந்தது. குறளில் அலருக்கென்றே 115ஆவது அதிகாரம் இருக்கிறது. அதில் தலைவி சொல்வது, நான் அவரைப் பார்த்தது ஒரே ஒரு நாள், ஊர்ப்பேச்சோ நிலாவைப் பாம்பு விழுங்கின செய்தி மாதிரி எங்கும் பரவிவிட்டது என்று. கணக்கு மாறவே இல்லை.

உண்மை என்ன

2023 மே மாதம் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பேருந்து நிலையத்துக்கு நடைமேம்பாலம் திறந்தார்கள். அடுத்த மாதம் அதன்மேல் எதிர்ப்பட்டாள், இடுப்பில் குழந்தை. நான்தான் ஒதுங்கப் பார்த்தேன். அவள் நிறுத்தினாள். பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்தபடி முக்கால் மணி நேரம் பேசினோம்.

செப்டம்பர் 1, 2019 அன்று டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு. அதற்குப் படிக்கத்தான் செவ்வாய்க்கிழமைகளில் சைதாப்பேட்டைக்கு வந்தாள். நாலு பேர் சேர்ந்து படிக்கும் இடம், அதில் ஒருவன் அந்தப் பையன். தோழியின் அண்ணன் என்றெல்லாம் மழுப்பவில்லை. "லவ்வுதாங்க்கா. பரீட்சை முடிஞ்சும் ஒரு செவ்வாக்கிழமை போனேன். அன்னிக்கிப் படிக்கல" என்று சிரித்தாள். அம்மாவுக்கு முதலிலிருந்தே தெரியும். ஆகஸ்ட்டில் அம்மா அப்பாவிடமும் சொல்லிவிட்டார். அப்பா, "பரீட்சை முடியட்டும், பாக்கலாம்" என்றிருக்கிறார். அவரைப் பொறுத்தவரை அது பாதிச் சம்மதம்.

பேச்சு வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாதி போயிற்று. ஏன் என்று அப்பாவே பின்னால் ஒரு நாள் மகளிடம் சொன்னாராம்: "எனக்கு முன்னாடியே தெரியும்னு சொன்னா, தெரிஞ்சும் விட்டவன்னு பேசுவாங்க. தெரியாதுன்னா ஏமாந்தவன்னு பேசுவாங்க. ரெண்டுல எது கம்மி அவமானமோ அதை எடுத்துக்கிட்டேன்." தெரியாதவராக இருக்க முடிவு செய்தார். தெரியாத அப்பா என்ன செய்வாரோ அதைச் செய்தார். வேலையை நிறுத்தினார், போனை வாங்கி வைத்துக்கொண்டார், சத்தம் போட்டார். அவருக்கும் கோபம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அந்த வாரமே டிவியில் ஒரு மாதிரி கிடைத்திருந்தது. எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரிதான் திட்டினார் என்றாள்.

எங்கள் மையத்துக்கு வரும் வழக்குகளில் பொய்தான் குடியைக் கெடுக்கும் என்று நம்பி வந்தவள் நான். இதில் அப்படி இல்லை. ரிஜிஸ்டர் ஆகவில்லை என்று நிரூபிப்பது ஒரு நாள் வேலை, அதை அவள் அம்மாவே செய்துவிட்டார். பையன் ஏமாற்றுக்காரன் இல்லை என்பதும் விசாரித்ததில் தெரிந்துவிட்டது. வேற ஆளுங்க என்று கிளம்பியதற்கும் அடிப்படை இல்லை. கடைசியில் மிஞ்சியது நாங்கள் சரியாகச் சொன்ன ஒன்றே ஒன்று: காதலிக்கிறாள். அதை மறுக்க முடியாது. யார் எப்போது யாரிடம் சொல்ல வேண்டும் என்று அம்மாவும் மகளும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அதை ஒரு ரயில் பெட்டி முந்திக்கொண்டது.

மூன்று வாரம் கழித்து இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசினார்கள். கார்த்திகையில் நிச்சயம், தையில் கல்யாணம், அதே பையனோடுதான். அகப்பாட்டுக்காரர்கள் இதையும் சொல்லி வைத்திருக்கிறார்கள்: அலர் எழுந்தால் கல்யாணம் விரைவில் கூடும் என்று. தாம்பரம் அக்காவிடம் சொன்னபோது, "பாத்தியா, நல்லதாத்தானே முடிஞ்சுது" என்றார். நான் அதை ஒப்புக்கொள்வதாக இல்லை. அவள் போட்டு வைத்திருந்தது இரண்டு வருடக் கணக்கு: முதல் முறை கிடைக்கவில்லை என்றால் இன்னொரு முறை எழுதி, வேலைக்குப் போய், பிறகு கல்யாணம். முதல் முறை கிடைக்கவில்லை. இரண்டாவது முறை எழுதவில்லை.

பிறகு

பெட்டியில் நாங்கள் அவளைத் தேடினோமா என்றால், இரண்டு நாள் தேடினோம். அந்த மாதக் கடைசியில் கவின் ஐந்து லட்சத்தை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. அக்டோபர் 6 அன்று முகேன் ஜெயித்தார், சாண்டி இரண்டாவது, லாஸ்லியா மூன்றாவது. 2020 மார்ச்சில் வண்டியே நின்றது. மறுபடி ஓடத் தொடங்கியபோது தாம்பரம் அக்கா ஓய்வை நெருங்கியிருந்தார், சானடோரியம் ஸ்கூட்டிக்கு மாறியிருந்தார். 'பீச் லோக்கல் 2' யாரும் கலைக்காமலே செத்தது. பழைய குரூப்பில் பொங்கல், தீபாவளிக்குப் படம் வரும், அவ்வளவே.

மேம்பாலத்தில் நான் மன்னிப்புக் கேட்டேன். லாஸ்லியா என்று பெயர் வைத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். குழந்தை என் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது, அவள் அதன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். "அது தெரியும்க்கா" என்றாள். எப்படி என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அதே 2023 ஆகஸ்ட்டில் கவினுக்குக் கல்யாணம் நடந்தது. மணப்பெண் வேறொருவர். செய்தி வந்த நிமிடமே பல்லாவரம் பழைய குரூப்பில் கல்யாணப் படத்தைப் போட்டு, "பாவம் நம்ம லாஸ்லியா" என்று எழுதினார், கூடவே அழும் பொம்மை மூன்று. மீனம்பாக்கத்தில் ஒருவர் கைகூப்பினார். பிறகு, நாலு வருடமாக ஒரு வார்த்தை எழுதாத எண்ணிலிருந்து ஒரு வரி வந்தது.

"அக்கா, இது எந்த குரூப்?"

பல்லாவரம் எழுதுகிறார் என்று மேலே காட்டிக்கொண்டே இருந்தது. கோடம்பாக்கம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் வரவில்லை.